சக்கரத்தில் கட்டிய வாழைக்கன்று

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தெங்கேரா கடைத்தெருவில் எங்கள் கடைக்கும் பக்கத்துச் சீனர் கடைக்கும் ஒரே சுவர். எங்கள் பக்கம் மிளகாய், மல்லி அரைக்கும் மெஷின். அவர் பக்கம் பீங்கான் கிண்ணங்கள். வீட்டுக்காரர் போனபின் அந்த மெஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது. பழையது ஓய்ந்து புது மெஷின் வாங்கியதிலிருந்து அவர் அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுக்கத் தொடங்கின.

"ஆண்டி, டிண்டிங் கோயாங் லா!" என்று சுவரைத் தட்டிக் காட்டினார். சுவர் ஆடுகிறதாம். இப்படியே போனால் மாநகர் மன்றத்தில் புகார் கொடுப்பேன் என்றார். கொடுத்தால் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது என் கொழுந்தனாரை. செலண்டாரில் லோரி ஓட்டியவர். அதனால் உலகத்தில் உருளுகிற எல்லாவற்றுக்கும் தானே வாத்தியார் என்று நினைப்பு. முதலில் மெஷின் காலுக்கடியில் பழைய டயரை வெட்டி வைத்தார். அது இன்னும் குதித்தது. பிறகு மேலே மணல் மூட்டை ஏற்றினார். குதிப்பு நிற்கவில்லை, மிளகாய்த்தூளில் மணல் கொட்டியதுதான் மிச்சம்.

"ஒரு லோரி சிமிட்டி கொட்டுவோம் அண்ணி. அப்புறம் எப்படி ஆடுதுன்னு பாப்போம்."

நல்லவேளை, என் நாத்தனார் மகள் வந்தாள். அதிர்வை அடக்குவதையே படிப்பாகப் படித்தவள். மெஷினில் கையை வைத்துப் பார்த்தாள், எதையோ ஒட்டி அளந்தாள்.

"சுவருக்கு எவ்வளவு ஆட்டம் போனா பரவால்லன்னு மொதல்ல முடிவு பண்ணணும் அத்தை. எந்தச் சாமான எப்படிக் கோத்தா அது வரும்னு அங்கேருந்து பின்னாடி கணக்குப் போட்டுக்கிட்டே வரணும்."

சாமான்கள் மூன்றே வகை. கரண்டு வேண்டாம். ஸ்பிரிங் மெஷினைத் தாங்கும். எண்ணெய் அடைத்த குழாய் ஆட்டத்தைத் தின்னும். மூன்றாவது ஒரு சின்னச் சக்கரம், இனர்ட்டர் என்றாள். மெஷினுக்கும் தரைக்கும் நடுவில் மரை போட்ட தண்டில் அது உட்கார்ந்திருக்கும். மெஷின் அமுங்கினால் இந்தப் பக்கம் சுழலும், எழும்பினால் அந்தப் பக்கம். சுழல்வதைச் சட்டென்று திருப்ப முடியாதல்லவா? அந்தப் பிடிவாதத்தாலேயே, ஒரு கையால் தூக்கக்கூடிய சக்கரம் பாறை மாதிரி கனம் காட்டுமாம்.

கொழுந்தனார் சிரித்தார். "பொம்மைக் கார் சக்கரம் லா இது. இதுவா மெஷின அடக்கப் போவுது?"

"மெஷின் ஆடட்டும் மாமா. ஆட்டம் சுவருக்குப் போகாது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. மாட்டி ஓட்டிய அன்றே கிண்ணங்கள் வாயை மூடின. சீனர் ஆவியில் வெந்த பாவ் ரொட்டி சூடாக வாங்கி வந்து கொடுத்தார். கொழுந்தனார்தான் அதிகம் சாப்பிட்டார்.

பிறகு ஆயுத பூசை வந்தது. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, எல்லாம் சரி. வாழைக்கன்று கட்ட வாகான இடம் தேடிய கொழுந்தனார் சக்கரத்தைக் கண்டுபிடித்தார். சக்கரம், இரும்புச் சட்டம், கன்று மூன்றையும் சேர்த்து ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கினார். லோரியில் சரக்குக் கட்டிய கை, அவிழ்க்க இடம் வைக்காது. பூசை முடிந்ததும் கன்றை உருவி எறிந்தார். கயிறு மாலைக்கு அடியில் அப்படியே கிடந்தது.

மெஷினைப் போட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் சடார் என்று சத்தம். சீனர் உடைந்த கிண்ணத்தோடு வந்து நின்றார். கத்தவில்லை. நாளைக் காலையில் புகார் என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

கொழுந்தனார் முகத்தில் தீபாவளி. "அப்பவே சொன்னேன்ல! பொம்மை புட்டுக்கிச்சு. எடு சிமிட்டிய!" ஸ்பேனரோடு கழற்ற வந்தார். நான் முக்காலியை இழுத்து மெஷின் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பேச வராதவளுக்கு உட்கார வரும்.

"அவ வரட்டும்," என்றேன்.

வேலை முடிந்து நேராக வந்த நாத்தனார் மகள் மாலையை விலக்கினாள்.

"மாமா, இது யாரு கட்டுனது?"

"சாமிக்குக் கட்டுனது."

"சாமிக்குக் கட்டுங்க, சக்கரத்துக்கு ஏன் வெலங்கு போட்டீங்க? சுத்தாத சக்கரம் வெறும் இரும்புக் கம்பி மாமா. ஆட்டம் பூரா அது வழியா நேரா தரைக்குப் போயி சுவர்ல ஏறுது."

கத்தியால் அறுத்தாள். சீனரைக் கூப்பிட்டு, அவர் அலமாரியிலேயே ஒரு கிண்ணத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைக்கச் சொன்னாள். மெஷின் ஓடியது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"ஓகே லா, ஆண்டி," என்றார். புகார் போகவில்லை. மெஷின் இன்றும் ஓடுகிறது.

கொழுந்தனாரோ கிளேபாங் கடற்கரைப் பக்கம் தேங்காய் ஷேக் குடிக்கும்போதெல்லாம், தான் பூசை போட்டதால்தான் மெஷின் அடங்கியது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுகிறார்கள். அந்தத் தலைகளுக்கு மாட்ட என்னிடம் சக்கரம் இல்லை.

சக்கரம், தண்டு, எண்ணெய்க் குழாய் பற்றி நான் எழுதியது சரிதானா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். என் கொழுந்தனாரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.