ஐந்தோடு நின்ற அம்மா

எனக்குப் பத்து வயதில் ஒரு மாணவி இருந்தாள். என் அம்மாதான். அப்படியொரு மக்கு மாணவி எந்த வாத்தியாருக்கும் வாய்த்திருக்க மாட்டாள் என்று அப்போது நம்பினேன்.

அப்பா இறந்தபின், அம்மா கோட்டையூரில் பலகாரம் போடும் வீட்டில் வேலை பார்த்தாள். வருமானம் போதவில்லை. சிங்கப்பூரில் ஒரு வீட்டு வேலைக்குச் சித்தப்பா ஏற்பாடு செய்தார்.

"அந்த வீட்டம்மா வீடியோ கால்ல இங்கிலீசுல கேப்பாகளாம் மதினி. நாலு வார்த்த படிச்சு வச்சுக்கிட்டீகன்னா போதும்."

நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளைத் துண்டாக்கிப் படிக்க அந்த வருஷம்தான் பள்ளியில் கற்றுத்தந்தார்கள். முன்னால் 'அன்' ஒட்டினால் அர்த்தம் தலைகீழாகும். வாலில் 'ஃபுல்' வந்தால் நிறைய இருக்கிறது என்று பொருள். அந்த மிதப்பில் அம்மாவுக்கு வாத்தியாரானேன்.

அம்மா வேலை பார்க்கும் இடத்திலேயே பாடம் நடக்கும். நான் "ரெஸ்-பான்-சி-பி-லி-டி" என்பேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாவுப் பட்டையை விரலில் சுற்றி, ஒட்டி, உருவி, ஒரு சீப்புச்சீடையாகத் தட்டில் வைக்க வேண்டும். மொத்தம் ஆறு. அம்மா ஐந்தோடு நின்றுவிடுவாள்.

"எங்கிட்டு விட்டேன்? இன்னொரு தடவ சொல்லு தாயி."

சொல்வேன். மறுபடியும் ஐந்து.

"அப்படின்னா என்ன?"

"பொறுப்பும்மா."

"பொறுப்புக்கு இம்புட்டு நீளமா?" என்று சிரிப்பாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எண்ணெய்ப் புகை என்று நினைத்துக்கொள்வேன்.

வீடியோ காலில் அம்மா அந்த வார்த்தையை ஒரு துண்டுகூட விடாமல் சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அம்மா பாஸானால் போய்விடுவாள் என்பது, பெட்டியைக் காரில் ஏற்றிய அன்றுதான் எனக்கு உறைத்தது. கார் போனபின் சோறு தண்ணி இல்லாமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு அம்மா இங்கிலீஷில் கடகடவென்று பேசுவது எனக்கே கேட்கும். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தப் பொறுப்பு வார்த்த மறந்துபோச்சு தாயி. பிரிச்சுச் சொல்லேன்" என்பாள்.

"இன்னுமாம்மா வரல?" என்று வேகமாக ஒப்பித்துவிட்டு, போனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு விளையாட ஓடுவேன்.

ஐந்தில் நிறுத்தினால்தான் நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.