சீக்கிரம் தேய்கிற டயர்

அப்பா இறந்து நாற்பது நாளாகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவருடைய பொறுமையைப் பற்றியே பேசினார்கள். என் நினைவில் இருப்பதோ, கோத்தகிரி டயர் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷம் ஒரு டயரை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்த அப்பா.

அவர் பெயர் செல்லக்கண்ணு. கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதிக்கு சூப்பர்வைசர். தொட்டியில் பரப்பிய இலையில் ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையை விரித்துப் பார்ப்பார். உருண்டையாக நின்றால் பதம். பிரிந்து எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும். நொறுங்கினால் அந்தத் தொட்டி இலை வீண். ஈரம் பார்க்கிற கருவி வந்த பிறகும் முதலில் கையால் பார்த்துவிட்டுத்தான் கருவியைப் பார்ப்பார். குடை, குக்கர், செருப்பு, எதை வாங்கப் போனாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "எத்தன வருசத்துக்கு வருமுங்க?"

வீட்டில் ஒரு பழைய சின்ன கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்குக் காய்கறி வாங்கப் போய்வரும். மற்ற நாட்களில் தார்ப்பாய்க்குள் நிற்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு என்னை அழைத்து வந்தார்கள். டாக்டர் சொன்ன தேதி நவம்பர் நடுவில். எங்கள் பக்கத்துக்கு மழை கொட்டுகிற மாதம் அது. ஆஸ்பத்திரி கோத்தகிரியில். வலி எடுத்தால் என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவின் பொறுப்பு.

அக்டோபரில் முதல் மழை பெய்த அன்று, செக்கப்புக்காக என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சோலூர்மட்டத்துக்கு முன்னால் ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டதும் காரின் பின்பக்கம் தனியே விலகி, தேயிலைச் செடியில் போய் இடித்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா திரும்பிப் பின்கண்ணாடி வழியாகச் செடியைப் பார்த்தாள். பிறகு, "ஏனுங்க, நவம்பருக்கு இப்பவே ஒத்திகையா?" என்றாள்.

அப்பா இறங்கி நான்கு டயர்களையும் சுற்றிப் பார்த்தார். "பட்டன் அப்படியே இருக்குதே" என்றார். டயரின் மேல் இருக்கிற பள்ளமும் மேடும்தான் பட்டன். புது டயரில் இருப்பதுபோலவே ஆழமாக இருந்தது.

செக்கப் முடிந்ததும் பெனிஸ் அண்ணனின் டயர் கடைக்குப் போனோம். அவர் பட்டனைப் பார்க்கவே இல்லை. டயரின் பக்கவாட்டில் சேற்றைத் துடைத்து, நான்கு எண்களைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம்.

"பதினோரு வருசம் ஆச்சுங்கண்ணா. ரப்பர் செத்துப்போச்சு."

"ஓடவே இல்லையே பெனிசு. இருவதாயிரம்கூட ஓடியிருக்காது."

"அதாங்க வம்பு. மலையில பாதிப்பேர் இப்படித்தான். வண்டிய நிறுத்தியே வெச்சிருப்பாங்க, பட்டன் தேயாது. டயர் நல்லாத்தான இருக்குதுன்னு மழையில எடுத்துட்டு வருவாங்க."

அப்பா நம்பவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் பழைய டயரை அழுத்தினார். நகம்தான் வளைந்தது. பக்கத்தில் கிடந்த புது டயரை அழுத்தினார். நகத்தின் தடம் பதிந்து, மெல்ல மறைந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நொறுங்கற இலையாட்ட ஆயிருச்சு."

வளைகாப்புச் செலவு போகக் கையில் அதிகம் இல்லை. இருந்தும் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய டயரைக் காட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அது எழுபதாயிரம் கிலோமீட்டர் வரும். ஆனா உங்களுக்கு வேண்டாம்" என்றார் பெனிஸ். "ரப்பர் கெட்டி. கோயமுத்தூர் பைபாஸ்ல தினம் ஓடறவங்களுக்கு சரி. இந்தாங்க, இது முப்பத்தஞ்சுதான் வரும். ஆனா மழையில நல்லாப் புடிக்கும். விலையும் கம்மி. நாலும் மாத்திடலாம்."

"சீக்கிரம் தேயறத என்ற தலையில கட்டறியா?"

"வருசத்துக்கு ரெண்டாயிரம்கூட ஓட்டாத ஆளுக்கு எழுபதாயிரம் எதுக்குங்கண்ணா? பேரனுக்கு சீதனமா குடுக்கறதுக்கா?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. விலை கூடியதில் இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடலாமா என்று கேட்டார். இடித்தது பின்பக்கம் என்பதை பெனிஸ் நினைவுபடுத்தினார். அப்பா என் பக்கம் திரும்பினார். என் வயிற்றைப் பார்த்தார். விலை குறைந்த டயரையே நான்கும் எடுக்கச் சொன்னார்.

அத்தோடு விடவில்லை. நான்கிலும் தேதி பார்த்தார். ஒன்றில் மட்டும் போன வருஷத்து எண். அதை மாற்றித் தரச் சொன்னார்.

"பொண்ணு பாக்க வந்தாக்கூட இத்தன கேக்க மாட்டாங்க" என்று முனகிக்கொண்டே பெனிஸ் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு மழை பெய்கிற நாளாகப் பார்த்து, லீவு போட்டுக்கொண்டு அப்பா தனியாகக் காரை எடுத்துப் போவார். எந்த வளைவில் எந்த கியர், எங்கே தண்ணீர் ரோட்டைக் கடக்கிறது என்று பார்த்து வருவார். கேட்டால், "டயர் புதுசு, பழகோணுமல்ல" என்பார்.

நவம்பர் பதினொன்றாம் தேதி மத்தியானம் வலி வந்தது. மழையும் மேகமும் சேர்ந்து, பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. அப்பா முன்னால் குனிந்து ரோட்டைப் பார்த்து ஓட்டினார். சோலூர்மட்டத்துக்கு முன்னால் அதே வளைவில் செம்மண் தண்ணீர் ரோட்டை மூடி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று ஒரு லாரி வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். கார் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. லாரி உரசாமல் கடந்து போனது.

அப்பா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வலி எப்படி இருக்குது அம்மிணி?" என்றார். இருக்கிறது என்றேன். வண்டியை எடுத்தார்.

மாலை ஐந்தரைக்கு மனிஷா பிறந்தாள்.

நான்காம் நாள் வீட்டுக்குத் திரும்பினோம். நல்ல வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. அப்பா இரண்டாம் கியரிலிருந்து மாற்றவே இல்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"மழையிலகூட இதைவிட வேகமா வந்தீங்க. மூணாவது கியர் வேலை செய்யலைங்களா?" என்றாள் அம்மா.

"புள்ள தூங்குது" என்றார் அப்பா. ஓரமாக ஒதுங்கி நின்று பஸ்ஸுக்கு வழி விட்டார். அதன் பின்னால் வந்த ஜீப்புக்கும், இரண்டு பைக்குகளுக்கும் வழி விட்டார். ரோட்டில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி கிளம்பினார்.