பந்திக்கு அழைக்கும் குரல்

கிள்ளானில் திருச்செல்வத்தின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. வார நாட்களில் லோரி டயர் விற்கும் மனிதர், சனி ஞாயிறு வந்தால் பட்டு ஜிப்பாவை மாட்டிக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துவிடுவார். "பெரியவங்க முன்னால வாங்க, பிள்ளைங்க கையப் பிடிச்சுக்குங்க, பைய ஓரமா வச்சிடுங்க, அவசரமே வேணாம், எல்லாருக்கும் எடம் இருக்கு" என்று அவர் பந்திக்கு அழைத்தால், கோபித்துக்கொண்டு கார் வரைக்கும் போன தாய்மாமன்கூடத் திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

வாலிபத்தில் பத்துமலை தைப்பூசத்தில், காணாமல் போன பிள்ளைகளின் பெயரை அறிவிக்கப் போய்த்தான் இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டது. அவர் அழைத்த அழைப்பில், பிள்ளையைத் தொலைக்காத அம்மாக்களும் ஓடிவந்து நின்றார்களாம். சொன்னது அவரே, பாதியை நம்பினால் போதும். அன்றிலிருந்து பூச்சோங், அம்பாங், டெங்கில் என்று அவர் குரல் போகாத மண்டபம் இல்லை. மனைவி சீதாலெட்சுமியையே மைக்கில்தான் பெண் கேட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். மைக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்டாராம், அந்த அம்மாவே சொன்னது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மனக்குறை. இத்தனை வருஷம் கத்தியும் தன் பெயர் ஒரு திரையில் வரவில்லையே என்று. போன வருஷம் அந்தக் குறையும் தீர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் விமலன் போன் போட்டான். வெளிநாட்டு ஆவணப்படம் ஒன்று தமிழில் வருகிறதாம், அதில் ஒரு ஆளுக்குக் குரல் கொடுக்க வேண்டுமாம்.

"ஹீரோவா?" என்றார் திருச்செல்வம்.

"வில்லன்ணே. உலகப் போர்ல யூதர்கள ரயில்ல ஏத்தி ஏத்திச் சாவு முகாமுக்கு அனுப்பின ஜெர்மன் ஆபீசர். ஹால்ட்னு பேரு. அவன் வாழ்க்கைதான் முழுப் படமும்."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. டயர் வாங்க வந்த சீனத் தவுக்கே முதலாளியிடம் சொன்னார், டீக்கடையில் தே தாரே ஆற்றுகிறவரிடம் சொன்னார், சிவப்பு விளக்கில் கோட்டைத் தாண்டி நின்றதற்குச் சம்மன் எழுத வந்த போலீஸ்காரரிடமும் சொன்னார். குளியலறையில் நின்று "ஹா! ஹா! ஏறுங்கடா வண்டியில!" என்று அவர் கர்ஜித்துப் பழகியதில் பக்கத்து வீட்டு நாய் மூன்று வேளைச் சாப்பாட்டை விட்டது. "ஐயோ, மானம் போகுது, வெளிய வாங்க" என்று கதவைத் தட்டினாள் சீதாலெட்சுமி. மகள் மாதவிக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் இவர் கல்யாணத்தை விட்டுவிட்டு வில்லன் கதையைப் பேசிவிட்டு வந்தார்.

ஒலிப்பதிவு அன்று தொண்டையைச் செருமி ஒரு கர்ஜனை போட்டார் பாருங்கள், விமலன் காதில் இருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டான்.

"அண்ணே, இதெல்லாம் வேணாம்ணே. நீங்க கல்யாணத்துல பேசுவீங்கல்ல, அப்படியே பேசுங்க."

"கொலகாரன்டா அவன்!"

"அந்தக் கொலகாரன் அப்படித்தாண்ணே பேசினான். அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டேன்."

அப்புறம் விமலன் அந்த ஆளின் கதையைச் சொன்னான். அந்த ஹால்ட், ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்தவரின் மகன். பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை. போருக்கு முன்னால் ஒரு ஓட்டல் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றவன். சீருடை போட்டதும் பதவி உயர்வுக்கு மேல் பதவி உயர்வு. எதற்கு? அவன் நிற்கிற நடைமேடையில் கூச்சல் இருக்காது, ஓட்டம் இருக்காது. தாத்தா பாட்டிகளுக்குக் கை கொடுத்து ஏற்றிவிடுவான். போன இடத்தில் அவர்கள் பிணமாவார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். போர் முடிந்ததும் பெயரை மாற்றிக்கொண்டு பல வருஷம் பிஸ்கட் கடை வைத்துப் பிழைத்தான். பிடிபட்டபோது தெருவே நம்பவில்லையாம், இவ்வளவு மரியாதை தெரிந்த மனிதனா என்று.

திருச்செல்வம் வசனத் தாளைப் பார்த்தார். "முதியவர்கள் முன்னே வாருங்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை ஓரமாக வைத்துவிடுங்கள். அவசரம் வேண்டாம், எல்லாருக்கும் இடம் இருக்கிறது." தன் பந்தி அழைப்பேதான் என்று பட்டதும் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ஆனால் ஒரே மூச்சில் பேசி முடித்ததும் விமலன் "அண்ணே! சூப்பர்ணே!" என்று கட்டிப்பிடித்தானா, அந்த நினைப்பு ஓடிவிட்டது. புகழ்ச்சிக்கு அந்தச் சக்தி உண்டு.

படம் ஒளிபரப்பான வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் சம்பந்தி வீட்டில் விருந்து. சம்பந்தி கந்தையா யாழ்ப்பாணக்காரர், ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி, சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி கேட்பவர். கல்யாணத்துக்காகக் கிளிநொச்சியிலிருந்து அவருடைய அக்கா புனிதவதியும் வந்திருந்தார். அந்த அம்மா அதிகம் பேசுவதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் கைப்பையை மடியைவிட்டு இறக்குவதில்லை.

திருச்செல்வத்துக்கு வாயெல்லாம் பல். "இப்ப வரும் பாருங்க, இப்ப வரும்!" வந்தது. ரயில், புகை, நடைமேடையில் கூட்டம், அதன் மேல் தேன் ஒழுகும் கிள்ளான் குரல். மாப்பிள்ளை சிவேந்திரன் கைதட்டப் போய் பாதியில் நிறுத்தினான். புனிதவதி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் கந்தையா போன் செய்தார். "குறை நினைக்கக் கூடாது. வன்னியில கடைசி யுத்தத்தில அக்கா பட்டது உங்களுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தவ. கல்யாணத்தில நீங்கள் மைக் பிடிக்க வேண்டாம்."

இடி விழுந்ததுபோல் ஆகிவிட்டது. ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்திய மனிதருக்கு, பெற்ற மகள் கல்யாணத்தில் மைக் இல்லை! குதித்தார், கத்தினார், டயரை உதைத்துக் கால்விரலை வீங்க வைத்துக்கொண்டார். "நான் யாரையாவது கொன்னேனா? படிச்சதுதானே!" என்று மனைவியிடம் அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை, பாவம்.

கல்யாணத்தன்று மைக் ஒரு இளவட்டத்தின் கையில். அவன் "ஹலோ மை பீப்பிள்!" என்று ஆரம்பித்ததிலேயே ஐயர் மந்திரத்தைத் தவறவிட்டார். மாப்பிள்ளை கைகழுவப் போன நேரத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. மணப்பெண் காரை மறித்து ஒரு மைவி கார் நிற்க, இவன் நம்பரைத் தப்பாகப் படித்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவரின் காரை நகர்த்த வைத்தான். தாலி ஏறியதுதான் தாமதம், கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி எழுநூறு பேரும் ஒரே கதவுக்குப் பாய்ந்தார்கள். ஒரு பிள்ளை வீறிட்டது, ஒரு ஆன்டியின் செருப்பு தலைக்கு மேல் பறந்தது. "மை பீப்பிள்! மை பீப்பிள்!" என்று அவன் கெஞ்ச, மணவறையிலிருந்து மாதவி மாலையோடு எழுந்து நின்று கத்தினாள்.

"அப்பா! மைக்க எடுங்க லா!"

கந்தையாவும் அந்த நெரிசலில் தலைப்பாகை நழுவத் தலையை ஆட்டிவிட்டார், எடுங்கள் என்று. திருச்செல்வம் ஒரே தாவலில் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "பெரியவங்க முன்னால வாங்க..."

கூட்டம் அப்படியே அடங்கியது. எழுநூறு பேரும் இடம்விட்டு ஒதுங்கினார்கள். புனிதவதி மட்டும் ஒரு தூணோரம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றார். அதைப் பார்த்ததும் திருச்செல்வம் அழைப்பைப் பாதியில் நிறுத்தினார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி, அந்த அம்மாவிடம் போனார்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. இனிமே இந்த மைக்கையே தொட மாட்டேன்."

புனிதவதி கண் திறந்தார். "உங்களில பிழையில்லை. அண்டைக்கும் ஒரு குரல் இப்பிடித்தான் கூப்பிட்டது, தமிழிலதான். இந்தப் பக்கம் வாங்கோ, பயப்பட வேண்டாம், சாப்பாடு இருக்குது எண்டு. மகனைக் கையில பிடிச்சுக்கொண்டு போனன். பிறகு அவனை நான் காணேல்லை."

மைக் பிடித்து எத்தனையோ பேசிய திருச்செல்வம், வெறும் தொண்டையில் "ஐயோ அக்கா" என்றார். கூட்டம் நகராமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கூப்பிட்டவன் எங்களோட வரேல்லை," என்றார் புனிதவதி. "நீங்கள் வாறீங்களோ?"

"வரேன்க்கா. வாங்க."

திருச்செல்வம் அவருக்கு முன்னால் நடக்கவில்லை, பின்னாலும் வரவில்லை. கூடவே படியிறங்கினார். பெண்ணின் அப்பா பந்தியில் முதல் ஆளாக உட்காருவதா என்று யாரோ முனகியது காதில் விழுந்தது, போய்யா என்று விட்டுவிட்டார். இரண்டு இலைக்கும் சோறு வந்தது, பருப்பு வந்தது. அந்த அம்மா சாப்பிடவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருச்செல்வம் ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டு மென்று விழுங்கினார். அதன் பிறகுதான் புனிதவதி கைப்பையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.