மீட்டர்காரர் வீட்டு அலமாரி

என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. அதனால் ஊருக்கே அவர் மீட்டர்காரர். எனக்கு மட்டும் அத்தான். வாசலோரம் இருக்கிற சின்ன இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து, டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினால் அவர் வேலை முடிந்தது. ஆனால் அத்தான் அப்படி நடையைக் கட்டுகிற ஆள் இல்லை. உள்ளே எங்கேயாவது குழாய் சொட்டுகிற சத்தம் காதில் விழுந்துவிட்டால் அவருக்குக் கால் நகராது. "அம்மா, உங்க சமையலறைக் குழாய் சொட்டுது. ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி போயிடும். வாஷர் மாத்துங்க" என்பார். காதில் வாங்காதவர்களுக்குத் தன் பையிலிருந்தே ஒரு வாஷரை எடுத்து மாட்டிவிட்டு வருவார். என் வீட்டுக்கு வந்தாலும் முதலில் குழாய்களை நலம் விசாரித்துவிட்டுத்தான் என்னை விசாரிப்பார்.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் ஆயாவாக இருக்கிறாள். குளித்து மிச்சமான சோப்புத் துண்டுகளைச் சேர்த்து உருட்டிப் புது சோப்பு செய்வாள். பழைய போர்வை கால்மிதி ஆகும், கால்மிதி தேய்ந்தால் கரித்துணி ஆகும், கரித்துணிக்கு அப்புறம் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை, கேட்டால் பதில் வைத்திருப்பாள் என்ற பயம்தான். அந்த வீட்டில் நேற்றைய ரொட்டி இருக்கும்போது இன்றைய ரொட்டியைத் தொடக்கூடாது. நேற்றையதைத் தீர்ப்பதற்குள் இன்றையது நேற்றையதாகிவிடும். ஆக, இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் தின்றதெல்லாம் பழைய ரொட்டிதான். இதை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னபோது இரண்டு பேரும் என்னை ஊதாரி என்பது போல் பார்த்தார்கள். நான் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள், கையில் காசு தங்காதவள். ஊதாரி என்றாலும் தப்பில்லை.

அத்தானுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வீட்டில் எதைப் புதிதாகத் திறந்தாலும் அதன் மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுவார். பற்பசை, சமையல் எண்ணெய், கேஸ் சிலிண்டர், குளியலறை பல்பு, எல்லாவற்றிலும் தேதி. எது எத்தனை நாள் வருகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்றால், புது வீட்டுக்கு. ஊருக்கு வெளியே ஒரு சின்ன மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். வீடு இன்னும் கட்டவில்லை. ஆனால் வீட்டுக்கான சாமான்கள் எல்லாம் தயார். வாடகை வீட்டின் இரண்டு அறைகளில் உள்ளறையை ஒரு இரும்பு அலமாரி அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் மஞ்சள் பூப் போட்ட ஜன்னல் திரைகள், நீலக் கோடு போட்ட பீங்கான் கோப்பைகள் ஆறு, பிரிக்காத படுக்கை விரிப்புகள், மேஜை விளக்கு. பாதி நான் பரிசாகக் கொடுத்தவை. ஆசை ஆசையாய் வாங்கிக் கொடுப்பேன், அக்கா கண் கலங்க வாங்கித் தடவிப் பார்ப்பாள், "புது வீட்டுக்கு ஆகும்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெயில் காட்டி, திரும்ப உள்ளே வைப்பாள். அந்த ஒரு நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கோபமாக வந்தவள்கூட வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள், நானே போயிருக்கிறேன்.

அக்கா மகள் கல்யாணத்தில் ஒரு கூத்து நடந்தது. அந்த அலமாரியில் ஏழு வருஷமாக இருந்த புது ஷூவை அத்தான் பெரிய மனசு பண்ணி எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தவரின் காலடியில் கறுப்புத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. பார்த்தால், போடாமலே வைத்திருந்ததில் அடிப்பாகம் மக்கிப்போய், நடக்க நடக்க உதிர்கிறது. மதியத்துக்குள் மேல் தோல் மட்டும்தான் காலில் இருந்தது. மகளை வழியனுப்பும்போது அழுத அழுகையில் பாதி அந்த ஷூவுக்காக என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அப்போதும் அவர் பாடம் கற்கவில்லை. "சரியா காத்தாட வைக்கல" என்றார்.

அக்காவின் கண் விஷயம் போன வருஷம் தெரிந்தது. காப்பகத்தில் பக்கவாட்டில் வருகிற பிள்ளைகள் மேல் இடித்துக்கொண்டே இருந்தாள். கண் டாக்டரம்மா சோதித்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, ஓரத்துப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது என்றார். "இழந்தது திரும்ப வராது. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். இந்தச் சொட்டு மருந்த ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு வேளையும் விடணும். ஆயுசுக்கும் விடணும். ஒரு வேளைகூட விட்டுடக் கூடாது" என்று அழுத்திச் சொன்னார். மருந்துக் கடை காப்பகத்துக்கு எதிரிலேயே இருந்ததால், வாங்குவதும் விடுவதும் தன் பொறுப்பு என்று அக்கா சொல்லிவிட்டாள்.

நான் வேலை செய்யும் கடைக்கு மாதம் ஒருமுறை காலி அட்டைப் பெட்டிகள் வாங்க அத்தான் வருவார். நாங்கள் தூக்கிப் போடுகிறவை அவர் வீட்டில் ஏதாவது ஒன்றாக மறுபிறவி எடுக்கும். அப்படி வந்த ஒரு நாள், முகமெல்லாம் பெருமை.

"உங்க அக்காகிட்டேந்து நீ கத்துக்கணும்மா."

"என்னத்தான், சோப்ப உருட்டவா?"

"கண்ணு மருந்து பாட்டில்ல தேதி எழுதியிருந்தேன். எப்பவும் அட்டைப் பெட்டி மேலதான் எழுதுவேன், அது எங்கயாவது போயிடும், இந்தத் தடவை பெட்டி கிழிஞ்சிருந்துச்சு, பாட்டில் மேலயே எழுதிட்டேன். இன்னைக்குப் பாக்குறேன், ஏழு வாரம் ஆச்சு, இன்னும் ஓடுது. சிந்தாம சிதறாம எப்படித்தான் விடுறாளோ."

"எனக்கு ஷாம்பு ஏழு நாள் வர மாட்டேங்குது" என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, சீருடையோடு கடை வாசலில் வந்து நின்றார். பை திறந்தபடி தொங்கியது. வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிற மனிதர் இல்லை அவர். காய்ச்சலோடு எல்லா வீடும் முடித்துவிட்டு வந்து படுத்தவர்.

"ஒரு வீட்டுல ரீடிங் பாதிதான் இருந்துச்சு" என்றார். "அந்தம்மாவப் பாத்து, நல்லா சிக்கனமா இருக்கீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. அப்படி ரீடிங் வந்தா நாங்க சந்தோஷப்பட மாட்டோம்மா. ஒண்ணு மீட்டர் ரிப்பேரா இருக்கும், இல்ல வீட்டு ஆளுக்கு ஏதோ ஆகியிருக்கும். சிவப்பு மையில சுழிச்சு அன்னைக்கே மேல அனுப்பணும். இருபத்தஞ்சு வருஷமா இதத்தான் செய்யறேன்."

தொங்கிய பையை இழுத்து மூடினார். "அந்தப் பாட்டில் ஒரு மாசத்துல தீரணும். நான் பாராட்டிட்டு வந்தேன்."

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவரோடு காப்பகத்துக்குப் போனேன். அக்கா பிள்ளைகளுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் பயந்துபோய், "மகளுக்கு என்னாச்சு?" என்றாள்.

"அவ நல்லா இருக்கா. நீ கண்ணுக்கு மருந்து எப்படி விடுற?" என்றேன் நான்.

"விடுறேனே."

"எப்படின்னு கேட்டேன்."

"காலைல வலது கண்ணு. சாயங்காலம் இடது கண்ணு." திருட்டுத்தனம் எதுவும் இல்லை அவள் குரலில். கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தவளின் குரல் அது. "ஒரு கண்ணு வேலை செய்யறப்ப இன்னொண்ணு சும்மா இருந்தா என்ன? ஒரு பாட்டில் ரெண்டு மாசம் வருது. மிச்சம் பிடிக்கிறது புது வீட்டு மாடிப்படிக்கு ஆகட்டும்னு."

"எத்தனை நாளா?"

"அஞ்சாறு மாசம் இருக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அத்தான் அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்து, "வா, டாக்டர்ட்ட போலாம்" என்றார்.

கண் மருத்துவமனையில் ஒரு சோதனை செய்தார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும். அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். டிக், டிக் என்று அக்கா அழுத்துவது கேட்டது. நடுவில் சத்தம் நின்றுபோகும். திரும்ப வரும். திரும்ப நிற்கும். ஊரார் வீட்டுச் சமையலறையில் சொட்டுகிற குழாயை வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிற காது அத்தானுடையது. அந்தக் காதோடு, டிக் வராத இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றார். இடது கண்ணுக்கு வந்தபோது, ஒரு தடவை ரொம்ப நேரம் சத்தமே இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவைக் கட்டிய இத்தனை வருஷத்தில் அவர் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா திட்டவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. இடது கண்ணில் ஓரம் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது, அது போனது போனதுதான், இனிமேல் ஒழுங்காக விட்டால் மிச்சத்தை ரொம்ப வருஷம் காப்பாற்றலாம் என்றார். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவே கூடாது என்பதையும் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும், "பாதி மருந்து பாதி வேலையாவது செய்யும்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றார் அத்தான். அவளைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் சண்டை போடுவேன் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் போனேன். தெருவிலிருந்து பார்க்கும்போதே வீடு மாறிவிட்டேனோ என்று நின்றுவிட்டேன். ஜன்னலில் மஞ்சள் பூத் திரை ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே அலமாரி காலியாகத் திறந்து கிடந்தது. கட்டிலில் புது விரிப்பு, மடிப்புக் கோடுகள்கூட இன்னும் போகவில்லை. மேஜையில் நான் கொடுத்த விளக்கு, எட்டு வருஷம் கழித்து எரிந்துகொண்டிருந்தது. அக்கா எனக்கு நீலக் கோடு போட்ட கோப்பையில் காபி கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தூக்கி வருவது போல் கொண்டுவந்தாள். தட்டில் ரொட்டி. வாயில் போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு வாங்கிய ரொட்டி.

அத்தான் ஸ்டூல் மேல் நின்று திரையின் அடிப்பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். மனசில் கட்டிய வீட்டின் பெரிய ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த திரை அது. இங்கே தரையில் புரண்டது.

"வெட்டிட வேண்டியதுதானே" என்றேன்.

"வெட்டுறதா? மடிச்சுத் தச்சிருக்கேன். நாளைக்குப் பிரிச்சா முழுசா வரும்."

அப்பாடா, ஆள் மாறவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "நீயாவது சொல்லுடி. வாடகை வீட்டுல இதையெல்லாம் மாட்டிப் பாழாக்குறாரு. புகை படும், வெயில் படும், சாயம் போயிடும்."

"வீடுதான் வாடகை" என்றார் அத்தான், ஸ்டூலிலிருந்து இறங்காமலே. "கண்ணு உன்னோட சொந்தம்தானே. அது பாக்கட்டும்."

அக்கா எழுந்துபோய்த் திரையின் ஒரு பூவைக் கையால் தொட்டு, முகத்தைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போதெல்லாம் முழுசாக ஒன்றைப் பார்க்க அவள் அப்படித்தான் பார்க்கிறாள்.

மேஜையில் வீட்டு வரைபடம் விரிந்து கிடந்தது. வருஷக்கணக்காக அத்தான் போட்டுப் போட்டு அழித்த காகிதம். எடுத்துப் பார்த்தேன். மாடியைக் காணோம். மாடிப்படி இருந்த இடத்தில் அழுத்தி அழித்த தடம் மட்டும். அறைக்கு அறை படியே இல்லை. சமையலறையிலிருந்து குளியலறை வரை சுவரோடு சுவராக ஒரே நேரான வழி, அதில் ஒரு கைப்பிடிக் கம்பி. கம்பிக்குப் பக்கத்தில் அவளுடைய இடுப்பு உயரம் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். அவரை நிமிர்ந்து பார்த்தேன். அக்காவிடம் சொல்லாதே என்பது போல் தலையை அசைத்தார். அக்கா அதைப் பார்க்காமலே, "மாடி எதுக்கு, ஏறி எறங்க யாரு இருக்கா" என்றாள். அவளிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆறரை மணிக்கு அத்தானின் கைக்கடிகாரம் கத்தியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். குளிர்பெட்டிக் கதவிலிருந்து புதுப் பாட்டிலை எடுத்தார். அதன் மேல் இரண்டு தேதி இருந்தன, திறந்தது ஒன்று, தூக்கி எறிய வேண்டியது ஒன்று. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சள் திரையைப் பார்த்தபடி தலையைச் சாய்த்தாள். கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, மூச்சைக்கூட விடாமல், வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டார். பிறகு இடது கண். அவள் இமைகொட்டிவிட்டாள். சொட்டு இமைமேல் பட்டு, கன்னத்தில் வழிந்து, கழுத்துக்கு ஓடிவிட்டது.

"ஐயோ, வீணாப் போச்சே" என்று அக்கா விரலால் அதைப் பிடிக்கப் போனாள்.

அடுத்தவர் வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு போனாலும் பொறுக்காதவர், அவள் கையை மெல்ல விலக்கினார்.

"போகட்டும். கண்ணத் திற, இன்னொண்ணு விடுறேன்."