சபாநாயகர் சாத்திய கதவு

பிளஸ் டூ சேர்ந்ததும் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "இருட்டுறதுக்குள்ள வூடு வந்து சேர்றதா இருந்தா படி. இல்லன்னா நின்னுடு."

பாகூரில் எங்கள் பள்ளி. சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடியும் முன்பே அபிஷேகப்பாக்கம் பக்கம் போகும் பஸ் போய்விடும். அடுத்ததில் வந்தால் ரோட்டில் இறங்கி, விளக்கில்லாத வயல்வழியே நடக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து நாலு பெண்கள் அப்படித்தான் நடந்தோம். அப்பா குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். சாயங்காலத்தில்தான் அவருக்குக் காய்கறி லோடு கிடைக்கும். "என்னால வந்து கூட்டினு போவ முடியாது. இந்த மாசம் பார்ப்பேன், அவ்ளோதான்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த மாதத்தில்தான் பள்ளியில் மாதிரி மக்களவை நடத்தினார்கள். சிறப்பு வகுப்பைக் காலையில் வைக்க வேண்டும் என்பது தீர்மானம். சபை எதை முடிவு செய்கிறதோ அதை அப்படியே அமல்படுத்துவதாகத் தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பேசியே ஜெயித்துவிடலாம் என்று இருந்தேன்.

சமூக அறிவியல் சார் என்னைச் சபாநாயகர் ஆக்கிவிட்டார்.

"சபாநாயகர் விவாதத்துல பேசக் கூடாது. ஓட்டும் போடக் கூடாது. உன் வாயை அடைக்க இதைவிட நல்ல நாற்காலி கிடையாது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமமாக வந்தால் மட்டும் ஒரு ஓட்டு உண்டாம். அதையும் எப்படிப் போடுவது மரபு என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு மாற்றம் வர வேண்டுமென்றால் உறுப்பினர்களில் பெரும்பான்மை அதைக் கேட்டிருக்க வேண்டும். தலைவர் தன் ஓட்டால் அதைக் கொண்டுவரக் கூடாது. எனவே இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்றுதான் போட வேண்டும்.

ஹாலில் பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். மேடையில் என் நாற்காலி. எனக்கு வலப்பக்கம் ஆளும் கட்சி, இடப்பக்கம் அதைவிட ஒரே ஓர் ஆள் குறைவாக எதிர்க்கட்சி. கீழே நடுவில் ஒரு மேசை. அதில் சபைச் செயலாளராக இரண்டு டீச்சர்கள். பின்னால் பார்வையாளர் மாடம் என்று சொல்லிப் பெற்றோருக்கு நாற்காலிகள். அங்கே இருப்பவர்கள் பேசக் கூடாது, கைதட்டக் கூடாது. கடைசி வரிசையில் அப்பா வந்து உட்கார்ந்தார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தது ஆளும் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. "காலைல நாங்க மாடு கறந்து, பாலு ஊத்திட்டு வர்றோம். ஏழு மணிக்கு எப்படி வருவோம்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் தரப்பில் பேசியவனோ எழுதி வைத்ததை மென்று விழுங்கினான். பதில் எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் இடப்பக்கத்திலிருந்து ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இன்னாத்துக்கு ஓட்டெடுப்பு? சபாநாயகரே பஸ்ஸு இல்லாத அந்த ஊருதான். எப்படியும் அவங்க பக்கம் முடிச்சிடுவா."

சுருக்கென்றது. "உறுப்பினர் உட்காருங்கள்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

முதலில் குரல் வாக்கெடுப்பு. ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு பக்கமும் ஒரே அளவு கத்தினார்கள். எண்ணித்தான் ஆக வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டால் மணியடிக்க வேண்டும். வெளியே போன உறுப்பினர்கள் அதைக் கேட்டு உள்ளே வர வேண்டும். மணி நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் வர முடியாது.

மணி அடித்தது. வலப்பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. எங்கள் ஊர்க்காரி, என் சிநேகிதி. எதற்கும் லேட். தண்ணீர் குடிக்கப் போனவள் வரவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி நின்றது.

"கதவைச் சாத்துங்கள்" என்றேன்.

தாழ்ப்பாள் விழுந்த மறுநிமிடமே வெளியே தடதடவென்று தட்டும் சத்தம். "ஏய், நான்டி. தொற." காவலுக்கு நின்ற பையன் என்னைப் பார்த்தான். சபையே என்னைப் பார்த்தது. அவள் ஓட்டு விழுந்தால் தீர்மானம் ஜெயிக்கும். எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

நான் தலையை அசைத்து மறுத்தேன்.

டீச்சர்கள் எழுந்து நின்றவர்களை எண்ணினார்கள். இரண்டு முறை எண்ணிவிட்டு ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார்கள். சமம்.

வெளியே அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கடைசி வரிசையில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் அடுத்துச் செய்ததை, மரபை மதித்துச் செய்தது என்று பிறகு பலர் பாராட்டினார்கள். மரபாவது மண்ணாவது. ரோஷம். 'அவங்க பக்கம் முடிச்சிடுவா' என்றானே, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்:

"சமமாக வந்ததால் தலைவரின் வாக்கு 'இல்லை' பக்கம். தீர்மானம் தோற்றது."

கதவைத் திறந்தார்கள். உள்ளே வந்தவள், "இன்னாடி ஆச்சு?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. படிப்பு போச்சு என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "அந்தப் பொண்ணு வெளிய தட்டினு இருந்துச்சே. வுட்டிருந்தா உன் பக்கம் ஜெயிச்சிருக்குமா?"

"ஜெயிச்சிருக்கும்பா."

"ம்" என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடிந்து, கடைசி நாளாக இருக்கும் என்ற பயத்தோடு வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே எங்கள் குட்டியானை நின்றது. பின்கதவு இறக்கியிருந்தது. கோணிகளை ஒரு பக்கமாகத் தள்ளி இடம் ஒதுக்கியிருந்தார்.

"லோடு?" என்றேன்.

"அது ஒருபக்கம் கெடக்குது. ஏறு. மத்த பொண்ணுங்களையும் கூப்டு."

மூன்று பேர் ஏறி உட்கார்ந்தோம். நான்காமவளைக் காணவில்லை. வழக்கம்போல லேட். இருட்டிக்கொண்டு வந்தது. லோடுக்காரரிடமிருந்து அப்பாவுக்கு போன் மேல் போன். எனக்குப் பதற்றமாகிவிட்டது. "போலாம்பா, அவ பஸ்ஸுல வந்துடுவா" என்று பின்கதவைத் தூக்கி மூடப் போனேன்.

அப்பா இறங்கி வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"அத அங்க சாத்திட்ட, சரி" என்றார். "இங்க அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் தொறந்துதான் இருக்கும்."