சிறகில்லாத சில்வண்டுகள்

எழுதத் துணிந்ததற்கு வாசிக்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலுபேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். படிப்பும் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் என் வைக்கோல் போரால்தான் தன் மிளகாய்க் கன்றுகள் அழிந்தன என்று என் கணவரின் தமையன் அடம்பன் சந்தைவரை சொல்லித் திரிகிறார். அதற்கு ஒரு பதில் வேண்டும்.

அவருடைய வளவும் எங்களுடையதும் அடுத்தடுத்து. நடுவில் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அவர் பக்கம் மிளகாய் நாற்றுமேடை, என் பக்கம் வைக்கோல் போர். கோடை முழுவதும் என் மாட்டுக்கு அதைவிட்டால் வேறு தீனி இல்லை. நாற்றுகளைச் சில்வண்டு அடியோடு நறுக்கிப் போட்டிருந்த காலையில் அவர் தீப்பெட்டியோடு வந்தார்.

“உன்ர வைக்கல் போர்தான் சில்வண்டுக்குத் தாய்வீடு. இண்டைக்குக் கொளுத்திறன்.”

“பொறுங்கோ அத்தான், முதல்லை உங்கட மேடையைப் பாப்பம்” என்றேன்.

அவருடைய வளவுக்குப் போய், மேடைக்கு நிழலாகப் போட்டிருந்த தென்னோலைக் கிடுகைத் தூக்கினேன். ஈரமண்ணில் சின்னக் கறுப்புப் பூச்சிகள் சிதறித் துள்ளின.

“உது எறும்பு” என்றார்.

“எறும்பு துள்ளுமோ அத்தான்?”

சில்வண்டுக் குஞ்சுக்குச் சிறகே இராது. தோல் கழற்றிக் கழற்றி வளரும். கழற்றியவுடன் வெளிறியிருக்கும், பிறகு கறுக்கும். பெருத்து வரும்போது முதுகில் செதில்போலச் சிறகு முளை தெரியும். பெட்டைக்குப் பின்னால் ஊசிபோல ஒன்று நீளும். கடைசித் தோல் கழன்ற பிறகுதான் முழுச்சிறகும் ஆணின் சத்தமும். இவரோ சத்தம் போடுவதை மட்டும் தேடித் தேடி அடித்துவிட்டு, குஞ்சுகளை எறும்பென்று விட்டு, அந்திதோறும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்.

“என்ர போரிலை சிறகு முளைச்சதுகள்தான் கிடக்கு. இந்தச் சின்னனுகள் வாய்க்காலை எப்பிடித் தாண்டும்? உங்கட மண்ணிலைதான் பொரிச்சது.”

கிணற்றடியில் நின்ற அவர் மனைவி சிரித்தா. “பாருங்கோ, பூச்சிக்குப் பிள்ளைப்பேறு பாக்க ஒரு மருத்துவிச்சி வந்திருக்கிறா!”

அவரும் சிரித்தார். ஆனால் தீப்பெட்டியை இடுப்பில் சாரத்து மடிப்பில் செருகினார். முட்டையிட்ட தாய்ப்பூச்சி எங்கிருந்து பறந்து வந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. நானா சொல்லிக் கொடுப்பேன்?

மறுநாள் அவர் நாற்றுமேடையைக் கொத்திப் புரட்டினார். பின்னேரம் எங்கள் பக்கம் வரும் வழியை முள்ளுப் போட்டு அடைத்தார்.