கடன் போட்டோ

ஊரப்பாக்கத்துக்கு மேற்கே, ஏரியைத் தாண்டிய ஊர்களுக்கெல்லாம் இன்டர்நெட் ஒயர் போட்டவன் எழில். உடனே பெரிய கம்பெனிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். டெண்டர் எடுத்தவர் ஒருவர். வேலையை மேய்க்க அவர் அமர்த்திய ஆபீஸ் பெங்களூரில். அந்த ஆபீஸ் பிடித்துப்போட்ட தற்காலிக ஆட்களில் ஒருவன் இவன். தலைமுடி கனத்தில் இருக்கும் கண்ணாடி இழைகளை மெஷினில் வைத்து ஒட்டுவது அவன் வேலை. மேனேஜர் நிகில் சாரை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் வரும் குரல்தான் அவனுக்கு மேனேஜர்.

கடைசி ஊர், எழிலின் சொந்த ஊர். அங்கே ஒயர் வரவேண்டும் என்று அவன் மனைவி ரோஸி தவம் கிடந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஃபேக்டரியில் கால் கடுக்க நின்று வேலை பார்த்தவள், பிள்ளை பிறந்ததும் வீட்டோடு முடங்கிப்போனாள். இப்போது தாம்பரத்துக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே பில் சரிபார்க்கும் வேலை தருகிறேன் என்றது. மாதக் கடைசிக்குள் வீட்டுக்கு ஒயர் நெட் வந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

"எங்கூட்டு ஆளே போடுறாரு, எனக்கு இன்னா கவலை?" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

ஒயர் போடும் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒயர் வந்து சேரும் பஞ்சாயத்து ஆபீஸ் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் படம் எடுத்து குரூப்பில் போட்டால் அந்த ஊர் முடிந்த மாதிரி. விளக்கு எரியாவிட்டால்? பக்கத்து ஊர்ப் பெட்டிமேல் இந்த ஊர்ப் பேரை ஒட்டி ஒரு படம். அதற்குக் கடன் போட்டோ என்று பேர். மறுநாள் போய்ச் சரிசெய்துவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒரு ஊரைக்கூட அவர்கள் அப்படியே விட்டதில்லை.

கடைசி நாள் மத்தியானம், ரோடு போட வந்த ஜேசிபி எழில் ஊர் எல்லையில் ஒயரை அறுத்துத் தொலைத்தது.

"எழில், ஈவ்னிங்குக்குள்ள எல்லா வில்லேஜும் க்ரீன் ஆகணும். இல்லேன்னா அடுத்த காண்ட்ராக்ட்ல உங்க டீமே கிடையாது," என்றார் நிகில்.

சாயந்திரத்துக்குள் ஒட்டி முடிக்க நேரம் போதாது. வேறு ஊராக இருந்தால் எழில் கொஞ்சம் யோசித்திருப்பான். சொந்த ஊர்தானே, காலையில் எழுந்ததும் ஒட்டிவிடலாம் என்று ஒரு மெத்தனம். கடன் போட்டோவை அனுப்பிவிட்டான்.

விடிந்து பார்த்தால் குரூப்பே இல்லை. எல்லா ஊரும் பச்சை, ப்ராஜெக்ட் முடிந்தது. ஒட்டும் மெஷினைத் திருப்பி வாங்கிப்போக வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது.

"அண்ணா, ஒரே ஒரு ஒட்டு. ஒட்டிட்டுத் தந்துடறேன்."

"எனக்கு இன்னாப்பா தெரியும்? எடுத்துகினு வான்னாங்க, வந்தேன்," என்றான் டிரைவர்.

நிகிலின் நம்பரை அடித்துப் பார்த்தான், எடுக்கவில்லை. ஆத்திரமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போனவன் மெஷினைத் தூக்கி வேனில் வைத்தான்.

மாதக் கடைசியும் வந்தது. எழில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரோஸி புகார் நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம், உங்க ஊர்ல லைன் நல்லா ஒர்க் ஆகுது. போட்டோ இருக்கு. கம்ப்ளைன்ட்ட க்ளோஸ் பண்ணிடறோம்."

போன் கட்டானது. தாம்பரத்து வேலை இனி வேறு யாருக்கோ. ரோஸி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எந்தப் படுபாவி எடுத்தான் அந்த போட்டோவ? அவன் பொண்டாட்டி புள்ள நல்லாருக்குமா?" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்கூட வேல செஞ்சவன்தானே? யாருன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியலையே," என்றான் எழில். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.